நாற்றுக்கு நன்றி சொல்லக்கூடாது

"அந்தப் பக்கம் தள்ளுங்க! இடிக்குது, இடிக்குது பாருங்க!"

வெர்லீன் கத்தின கத்தலில் சவப்பெட்டியைத் தூக்கி வந்த ஆறு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அண்ணன் இடிபடுகிறாரே என்று தங்கைக்குப் பதைக்கிறது என அவர்கள் நினைத்திருக்கலாம். அவள் கண் இருந்ததோ சவப்பெட்டியின் மூலை போய் முட்டவிருந்த நாற்றுப் பெட்டியின்மேல். பதினோரு வருஷப் பழக்கம், என்ன செய்வது. வாய் தானாகக் கத்திவிட்டது. கத்தின பிறகுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

முன்னறையில் தெற்கு ஜன்னலை ஒட்டி, மரத் தாங்கிகள்மேல் பலகை போட்டு, ஆறு பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆற்றுமணல். மணலுக்குள் பாதி புதைந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குகள், கிழங்கெல்லாம் விரல் நீளத்துக்கு முளை. இலை இன்னும் முழுப் பச்சைக்கு வரவில்லை, ஓரத்தில் ஊதா ஓடியிருந்தது. நடுவில் மண்ணெண்ணெய் ஹீட்டர் ராப்பகலாக எரிந்துகொண்டிருந்ததில் அறை கொதித்தது. "அடக்கத்துக்கு முந்தின நாள் என்னை வீட்டுக்குக் கொண்டாந்து முன்னறையில வைங்க" என்று ஓசெல் எப்போதோ சொல்லிவைத்திருந்தார். சொன்னபோது நாற்றுக் காலத்தில் சாவோம் என்று அவர் நினைக்கவில்லை போலும்.

நாற்றுப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒருவழியாக அவரை இறக்கி வைத்தார்கள். அடக்கக் காரியங்களைப் பார்க்கும் ரவுண்ட்ரீ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் காதோடு காதாகத்தான் பேசுவார்.

"சிஸ்டர் வெர்லீன், இந்தச் சூட்டுல வைக்க முடியாதும்மா. மருந்து போட்டிருக்கேன், சரி. ஆனா முகத்துல பூசியிருக்கிற மெழுகு இறங்கிடும். காலையில சபை முன்னாடி திறந்து காட்டணும்ல? ஹீட்டரை அணைச்சு, ஜன்னலையும் கொஞ்சம் திறந்துவைங்க."

"அணைக்கிறதா?" சர்ச் பொறுப்புகளைப் பார்க்கும் டீக்கன் ஹோசியா குறுக்கே வந்தார். சவப்பெட்டியின் தலைமாட்டைப் பிடித்து வந்தவர் அவர்தான், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "வெளிய என்ன குளிர்னு தெரியுமா உமக்கு? முள்பழச் செடி பூக்குறப்ப வருஷா வருஷம் ஒரு குளிர் திரும்பி வருமே, அது வந்தாச்சு. இன்னிக்கு ராத்திரி உறைபனின்னு ரேடியோவுல சொல்றான். ஈர மணல் குளிர்ந்துச்சுன்னா கிழங்கு அத்தனையும் அழுகிடும், ஐயா. பன்னெண்டு குடும்பத்து நாத்து இது."

"நான் செத்தவரைப் பத்திப் பேசுறேன், டீக்கன்."

"செத்தவரோட நாத்தைப் பத்தித்தான் நானும் பேசுறேன்."

இரண்டு பேரும் வெர்லீனைப் பார்த்தார்கள்.

"வீட்டுக்காரி நீங்க. நீங்கதான் சொல்லணும்" என்றார் ரவுண்ட்ரீ.

வீட்டுக்காரி! பதினோரு வருஷத்தில் இந்தச் சொல்லை யாரும் அவளைப் பார்த்துச் சொன்னதில்லை. அவள் இரண்டு வாரத்துக்கு வந்தவள். பால்டிமோரில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பாடிக்கொண்டு, தன் பாட்டுக்கு இருந்தவள். மரம் அறுக்கும் இடத்தில் கட்டை உருண்டு அண்ணனின் இரண்டு காலும் போயிற்று என்று தந்தி வந்தது. ஒரே ஒரு சூட்கேஸோடு பஸ் ஏறிக் கரோலினாவுக்கு வந்தாள். அது ஒரு மார்ச் மாதம். "நாத்து போடுற நேரம் பாத்து இப்படி ஆயிடுச்சே" என்று ஓசெல் படுக்கையில் கிடந்து புலம்பினார். சரி, இந்த ஒரு தடவை போட்டுக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மணலில் கை வைத்தாள். வைத்த கைதான்.

அதிலிருந்து எல்லாமே அவள்தான். கிழங்கு பொறுக்குவது, மணல் சலிப்பது, ஹீட்டருக்கு எண்ணெய், நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர், மே மாதம் பிடுங்கிக் கட்டுக்கட்டி ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பது. ஓசெல் நாற்காலியில் உட்கார்ந்து, "தண்ணி ஜாஸ்தி", "இது என்ன, சொட்டு மருந்தா, இன்னும் ஊத்து" என்று அதிகாரம் பண்ணுவார். பிடுங்கின நாற்றுக்கு ஊரில் பெயர் 'ஓசெல் நாத்து'. கடையில் வாங்கி நட்டதில் இரண்டு வருஷம் கறுப்பு அழுகல் வந்து கிழங்குக் காடே நாறிப் போனதிலிருந்து, சபைக்காரர்கள் பன்னிரண்டு குடும்பமும் ஓசெல் நாற்றைத் தவிர வேறு நடுவதில்லை. துணிகளை அவள் இன்றுவரை அலமாரியில் அடுக்கவில்லை. சூட்கேஸிலிருந்து எடுப்பாள், துவைத்து மறுபடி அதிலேயே வைப்பாள். அது கட்டிலுக்கு அடியில் இருந்தது.

போன வாரம் பால்டிமோரிலிருந்து அவள் சிநேகிதி ஐடெல்லாவின் கடிதம் வந்திருந்தது. மாடி அறை காலியாகிறது, மே ஒன்றாம் தேதிவரை பிடித்து வைக்கிறேன், அதற்குமேல் வீட்டுக்காரர் பொறுக்கமாட்டார், சலவைக்கூடத்திலும் ஆள் கேட்கிறார்கள், இந்தத் தடவையாவது வந்து சேர். ஓசெல் உயிரோடு இருந்தபோது வந்த கடிதம். படித்துவிட்டு மடித்துச் சூட்கேஸில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார். இப்போது அவளைப் பிடித்து வைக்க ஆள் யாருமில்லை, இந்த ஆறு பெட்டி மணலைத் தவிர. நாற்று மே பதினைந்துக்கு முன்னால் பிடுங்கும் பக்குவத்துக்கு வராது.

காலையில்தான் டீக்கனிடம் சொல்லிப் பார்த்தாள். "டீக்கன், அடக்கம் முடிஞ்சதும் நான் பால்டிமோர் போயிடலாம்னு இருக்கேன். ஒண்ணாம் தேதிக்குள்ள." அவர் வாய்விட்டுச் சிரித்தார், பாவம், கெட்ட எண்ணமே இல்லாமல். "போறதா? அப்புறம் நாத்தை யார் பாக்குறது?" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. சபைக்காரர்களிடம், பெட்டிகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போங்கள் என்றதற்கு, "இவ்வளவு வெயில் விழுற ஜன்னல் யார் வீட்ல இருக்கு?" என்றார்கள்.

இப்போது பாருங்கள், வழி தானாக வந்து காலடியில் நிற்கிறது. ஹீட்டரை அணைக்கச் சொல்வது அவள் இல்லை, ரவுண்ட்ரீ. செத்தவருக்கு மரியாதை. யார் குறை சொல்ல முடியும்? ஒரு ராத்திரிக் குளிர் போதும். காலையில் முளை தலை தொங்கிவிடும், இரண்டு நாளில் கிழங்கு கொழகொழத்துவிடும், அவள் மூன்றாம் நாள் பஸ்ஸில் இருப்பாள்.

"நாத்தை அடுப்படிக்கு மாத்திடலாமா?" என்று டீக்கன் கேட்டார்.

"அங்க ஏது இடம்? சாப்பாடு மலையாக் கெடக்கு" என்றாள் வெர்லீன். அது பொய்யும் இல்லை. சாவு வீட்டுக்கு ஊர்ப் பெண்கள் கொண்டுவந்த பாத்திரங்கள் மேஜையை, அலமாரியை, நாற்காலிகளைக்கூட அடைத்திருந்தன. பன்றித்தொடை, பொரித்த கோழி, கீரை, பழம் அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் நாலு வகை. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர்.

குனிந்து ஹீட்டரின் திருகைத் திருப்பினாள். சுடர் நீலமாகி, ஒரு தடவை உப்பி, அணைந்தது. ரவுண்ட்ரீ ஜன்னலைக் கையகலம் திறந்தார். டீக்கன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

வெர்லீனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்தது போல மூச்சு லேசாக வந்தது. அண்ணன் பக்கத்தில் கைகட்டிப் படுத்திருக்க, அவள் மாடி அறைக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று யோசித்தாள்.

நாலு மணியிலிருந்து ஜனம் வர ஆரம்பித்தது. வந்தவர்கள் ஓசெலின் முகத்தைப் பார்த்தார்கள், "அப்படியே தூங்குறாப்ல இருக்கு" என்றார்கள், அப்புறம் அப்படியே திரும்பி நாற்றைப் பார்த்தார்கள். நாற்றைப் பார்க்கும்போதுதான் அவர்கள் முகம் மலர்ந்தது. டீக்கனின் மனைவி ட்ரெஸி பெட்டிமேல் குனிந்து, "என்ன இப்படி வத்தலும் தொத்தலுமா இருக்கு" என்றாள், ஆசையாக.

நாற்றை அப்படித்தான் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் வாங்குகிற செடிக்கு நன்றி சொல்ல மாட்டோம். சொன்னால் அது மண்ணில் வேர் பிடிக்காது. வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேறு ஏதாவது பேசிக்கொண்டே போய்விட வேண்டும். வெளியூரிலிருந்து கட்டிவந்த மருமகள் ஒருத்தி போன வருஷம் "ந" என்று ஆரம்பிக்க, அவள் மாமியார் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். ஆக, பதினோரு வருஷம் பன்னிரண்டு குடும்பத்துக்கு நாற்றுப் போட்டுக் கொடுத்த வெர்லீனுக்கு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒருத்தர் சொன்னார். அதை நினைக்கக்கூடாது என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு முளையைத் திருகி எடுத்தாள். அடியில் வெள்ளை வெள்ளையாக நூல் போல வேர். நாற்காலியில் இருந்த அண்ணனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாருங்க, உங்க துரைமார் முளைச்சாச்சு."

ஓசெல் அதை வெகுநேரம் பார்த்தார். வழக்கமாக ஒரு நொட்டை சொல்வார். அன்று சொல்லவில்லை. இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கையெல்லாம் மணலும் ஈரமுமாக இருந்தது அவளுக்கு.

"நன்றி, வெர்லி" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, வாயைக் கழுவுங்க! புத்தி கெட்டுப்போச்சா? கையில நாத்தை வெச்சுக்கிட்டுச் சொல்ற வார்த்தையா இது? ஆறு பெட்டியும் அழுகணுமா?"

வெடுக்கென்று முளையைப் பிடுங்கிக்கொண்டாள். ஓசெல் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் பேசக் கூடாது நீங்க. மூச். காப்பி கொண்டாரேன்."

காப்பியோடு வந்தபோது வாய் திறந்தபடிதான் இருந்தது. அவர் இல்லை.

பதினோரு வருஷம் வாயைத் திறந்தால் அதிகாரம். வேறு எதற்கோ திறந்த ஒரே நாள் அவளே அடைத்துவிட்டாள். இதை யாரிடம் சொல்ல? டீக்கனிடம் சொன்னால் முதலில் நாற்றுக்குத்தான் அழுவார்.

பொழுது சாய்ந்தது. ஜன்னல் வழியாகக் குளிர் வந்து தரையில் பரவியது. ஜனம் கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு நகர்ந்தது. வெர்லீன் எழுந்து முதல் பெட்டியின் மணலுக்குள் விரலை விட்டாள். மேலே சில்லென்று இருந்தது, இரண்டு விரல் ஆழத்தில் இன்னும் வெதுவெதுப்பு. இன்னும் இரண்டு மணி நேரம் போனால் அதுவும் இருக்காது.

விரலை எடுக்காமலே நின்றாள். மனசு ஒரு கணக்கைப் போட ஆரம்பித்தது, வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அண்ணன் சொன்ன நன்றி நாற்றுக்கு என்றால் இந்த நாற்று பிழைக்காது. எத்தனை சூடு காட்டினாலும் பிழைக்காது, மண்ணில் வைத்ததும் சுருண்டுவிடும். பிழைத்துவிட்டால்? மண்ணில் வேர் பிடித்துவிட்டால்? அப்போது அந்த வார்த்தை நாற்றுக்குச் சொன்னது இல்லை. அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்?

இன்றைக்குக் குளிரில் செத்துப்போனால் ஒன்றுமே தெரியாது. பால்டிமோரில் மாடி அறையில் திரையை மூடிப் படுத்துக்கொண்டு சாகும்வரை யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"நாசமாப் போச்சு" என்றாள் வெர்லீன், அண்ணனைப் பார்த்து. "செத்தும் விடமாட்டீங்களா என்னை?"

அப்புறம் அடுப்படிக்குப் போய், நின்ற வாக்கில் சொன்னாள்: "மேஜையைக் காலி பண்ணுங்க. சாப்பாட்டைத் திண்டுல, தரையில, எங்க வேணா வைங்க. டீக்கன், ஆளுங்களைக் கூப்பிடுங்க. பெட்டிக்கு ரெண்டு பேர்."

"ஏண்டி, சாவு வீட்ல சாப்பாட்டைத் தூக்கித் தரையில வைக்கிறதா?" ட்ரெஸி கையில் பைத் தட்டோடு திகைத்து நின்றாள். "சோத்தை வெளிய தள்ளி மண்ணை உள்ள கொண்டாரா பாரு!"

"ட்ரெஸி அக்கா, உங்க பைத் தட்டை உங்க மடியில வெச்சுக்கோங்க. நகருங்க."

மேஜைமேல் மூன்று பெட்டி, விறகடுப்புக்குப் பக்கத்தில் பெஞ்சுமேல் இரண்டு. ஆறாவது எங்கேயும் இடம் கொள்ளவில்லை. அடுப்படியை ஒட்டின அவள் அறைக் கட்டிலில், எண்ணெய்த்துணி விரித்து, நட்டநடுவில் வைத்தார்கள். சூட்கேஸ் அதற்கு நேர் கீழே இருந்தது. விடியும்வரை அடுப்பு அணையவில்லை.

மறுநாள் ஓசெலின் மெழுகு பூசின முகம் சபை முன்னால் நன்றாகவே இருந்தது, ரவுண்ட்ரீக்குப் பெருமை. பாட்டு, ஜெபம், பாஸ்டரின் பிரசங்கம் எல்லாம் முறைப்படி நடந்தன. குழி மூடி, ஆமென் சொல்லி, ஜனம் கலையப் போகும்போது டீக்கன் கையை உயர்த்தினார். "ஒரு விஷயம். சிஸ்டர் வெர்லீன் மே பதினஞ்சாம் தேதி நாத்துப் பிடுங்குறாங்க. வாளி கொண்டாங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். கறுப்பு முக்காட்டுக்குள்ளிருந்து அவளும் தலையாட்டினாள்.

மே முதல் தேதி காலையில் கடைக்கு நடந்து போய் ஐடெல்லாவுக்குப் போன் போட்டாள்.

"எத்தனை மணி பஸ்?" என்றாள் ஐடெல்லா எடுத்தவுடன்.

"அறையை விட்டுடு, ஐடெல்லா."

"பதினோரு வருஷமா இதையேதான் சொல்ற. அவர்தான் போயிட்டாரேடி. இப்ப உன்னை யாரு பிடிச்சு வெச்சிருக்கா?"

"ஒரு சங்கதி தெரிஞ்சாகணும். நாத்து மண்ணுல பிடிச்சாத்தான் தெரியும்."

"கிழங்குக்காகவா? உனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு. நான் எத்தனை நாளைக்குடி பிடிச்சு வெச்சிருப்பேன்?" ஐடெல்லா அழுதுகொண்டே போனை வைத்தாள். வெர்லீன் கடைத் திண்டில் உட்கார்ந்து, பத்தரை மணி பஸ் சாலையில் வந்து, யாரும் கையைக் காட்டாததால் நிற்காமல் போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

பதினைந்தாம் தேதி, மறுபடி முன்னறைக்கு வந்திருந்த பெட்டிகளில் நாற்றெல்லாம் சாணுக்கு மேல் வளர்ந்திருந்தன. பன்னிரண்டு குடும்பமும் வாளியோடு வந்தது. கிழங்கு அசையாமல் ஒரு கையால் அமுக்கி, மறுகையால் முளையைத் திருகித் திருகி எடுத்தாள். கட்டுக் கட்டி ஈரத்தாளில் சுற்றிக் கொடுத்தாள். வாங்கினவர்கள் வானத்தைப் பார்த்தார்கள், மழை இல்லை என்றார்கள், முட்டி வலி என்றார்கள், போனார்கள். கடைசி ஆள் போனதும் கையை உதறிப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் நாற்றின் பால் ஒட்டிக் கறுத்திருந்தது.

நட்டு முடித்தார்கள். மழை வரவில்லை. ஒன்பது நாள் ஒரு சொட்டு இல்லை. வெர்லீனுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பாள், காட்டுப்பக்கம் போகக் கால் வராது. ஆக, அது நாற்றுக்குத்தான், முட்டாளே, உனக்கு யார் சொல்லப்போகிறார்கள் என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

பத்தாம் நாள் டீக்கன் வந்து வாசலில் நின்றார். "சிஸ்டர், கொஞ்சம் காட்டுக்கு வாங்க. நீங்களே பாக்கணும்."

அவர் பின்னாலேயே போனாள். வேலியைத் தாண்டினதும் வெர்லீன் நின்றுவிட்டாள். வெள்ளை மணல் வரப்புகள்மேல், கண்ணுக்கு எட்டினவரை, நாற்று நிமிர்ந்து நின்றது. இலை அகன்று, கொடி வரப்பைவிட்டு இறங்க எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுகூடச் சாகல" என்றார் டீக்கன். "இந்தக் காஞ்ச வெயில்ல! முப்பது வருஷமா நடுறேன், இந்தக் கூத்து பாத்ததில்ல. மத்தவங்க காட்டுலயும் இப்படித்தான். ட்ரெஸி சொல்றா, ஓசெல் மேல இருந்து பாத்துக்குறார்னு."

வெர்லீன் வரப்போரமாக நடந்தாள். செத்தது ஒன்றாவது இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே கடைசிவரை போனாள். கடைசிச் செடியிடம் குனிந்து, தண்டைப் பிடித்து லேசாக இழுத்தாள். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தாள். மண்ணுக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அது வர மறுத்தது.

அப்படியே பள்ளத்தில் உட்கார்ந்து, ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். அடக்கத்தன்று வராத அழுகையெல்லாம் வந்தது.

"இருக்கட்டும்ண்ணே" என்றாள், அந்தச் செவ்வாய்க்கிழமை வார்த்தைக்கு.

டீக்கன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "எங்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"இல்ல, டீக்கன்."

வீட்டுக்கு வந்தபோது வெயில் முன்னறை ஜன்னலைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தது. ஆறு பெட்டியிலும், அவள் திருகித் திருகி எடுத்த இடத்திலெல்லாம் கிழங்கு மறுபடி முளைத்திருந்தது, விரல் உயரத்துக்கு. மணல் காய்ந்து வெளுத்துப்போயிருந்தது. தலைத்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனாள்.